மார்கோஸின் பெயர்நாளுக்குப் புறப்பட்ட செவஸ்தி

கித்னோஸ் தீவில் ஆடு வளர்த்து, பாலாடைக்கட்டி போட்டு விற்றுப் பிழைத்தவள் செவஸ்தி. புருஷன் போன பிறகு கறுப்பு உடுத்தியவள், அதே கறுப்பில்தான் ஆட்டையும் விரட்டினாள், சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்தாள். கறுப்புத் துணியில் சுண்ணாம்பு தெறித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருப்பாள். யாராவது சிரித்தால், "என் சுவரைப் பாரு, பாவாடைய ஏன் பாக்குற?" என்பாள். அவளுக்குக் கெட்ட மனசு என்று சொல்பவர்கள் சொல்லட்டும், அது சுத்தப் பொய். வாய்தான் கொஞ்சம் நீளம். அந்த வாய் ஒரு தடவை போகக்கூடாத இடத்துக்குப் போய்விட்டது.

அம்மா இறந்தபோது தம்பி மார்கோஸ் சீரோஸ் தீவில் இருந்தான். அங்கே எர்முபோலி துறைமுகத்தில், வருகிற கப்பல்களின் வடத்தைப் பிடித்துக் கட்டுகிற வேலை அவனுக்கு. காற்று பேயாட்டம் போட்டது, கப்பல் விடவில்லை. அவன் வந்து சேர்வதற்குள் மண் மூடியாகிவிட்டது. கல்லறைத் தோட்ட வாசலில், ஊரே நிற்க, செவஸ்தி கேட்டாள்: "ஊரான் கப்பலுக்கெல்லாம் கயிறு பிடிக்கிறியே, பெத்தவளுக்கு ஒரு பிடி மண்ணு போட உனக்கு வழி தெரியலயா? இனிமே என் வாசல மிதிக்காத!"

அவன் அங்கிருந்தே துறைமுகத்துக்கு நடந்தான். திரும்பிப் போனவன் போனவன்தான். வருஷங்கள் ஓடின.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு சேதி வந்தது. மார்கோஸுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், இறந்த அம்மாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள், கலியோப்பி என்று. அன்று செவஸ்தி பாலை அடுப்பிலேயே மறந்து பொங்கவிட்டாள். அவளுக்கு அந்தக் குழந்தையைப் பார்த்தாக வேண்டும். ஆனால் எந்த முகத்தோடு போவது?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். ஏப்ரல் கடைசியில் புனித மார்கோஸ் திருநாள், அந்தப் பெயர் கொண்ட தம்பிக்கும் அன்றுதான் பெயர்நாள். பெயர்நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை, வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. கதவு திறந்தே கிடக்கும். வீடு நிறைய ஆள் இருக்கும்.

"முதல் ஆளா போகமாட்டேன்," என்று பக்கத்து வீட்டு ஃபிளோராவிடம் சொன்னாள். "நாலஞ்சு பேரு உள்ள போகும்போது நடுவுல நுழைஞ்சிடுவேன். 'பல்லாண்டு வாழ்க'ன்னுட்டு மூலையில உக்காந்துடுவேன். அத்தன பேரு முன்னாடி அவன் என்ன சொல்லிடுவான்?"

"ஏன்டி, வாழ்த்தப் போறியா, திருடப் போறியா?"

"இப்போதைக்கு எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

கப்பல் சீட்டு வாங்கியாயிற்று. ஆடுகளை ஃபிளோரா பார்த்துக்கொள்வாள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நடப்பதால் வெண்ணெய், முட்டை ஆகாது; தேனும் எள்ளும் போட்டு மிட்டாய் செய்துகொண்டாள். இத்தனை யோசித்தவள் ஒன்றை யோசிக்கவில்லை. அந்த வருஷம் ஈஸ்டர் மிகவும் பிந்தி வந்தது. ஃபிளோராவின் புருஷன் பெயர் யோர்கோஸ். நோன்புக்குள் விழுந்த திருநாளைக் கொண்டாடக் கூடாது; அதனால் அவன் பெயர்நாள் ஈஸ்டர் திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போயிருந்தது. அவன் புலம்பியபோது செவஸ்தியே கேலி பண்ணினாள். ஆனால் வழக்கமாக யோர்கோஸுக்கு இரண்டே நாள் பின்னால் வருகிற மார்கோஸும் கூடவே தள்ளிப்போவார் என்று அவளுக்கு உறைக்கவில்லை. ஊரில் தெருவுக்கு நாலு யோர்கோஸ். மார்கோஸ் ஒருவன்கூட இல்லை. யார் ஞாபகப்படுத்துவது?

ஞாபகப்படுத்தியவள் கப்பலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு செரிஃபோஸ் தீவுக்காரி, மடியில் பூந்தொட்டியோடு.

"மார்கோஸ் பெயர்நாளுக்கா போற? அவன் நாளு ஈஸ்டர் முடிஞ்சு செவ்வாய்க்கிழமை இல்ல? பாவி மகளே, நீ என்ன இன்னைக்கே கெளம்பிட்ட!"

செவஸ்தி துணிமூட்டையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். கூட்டம் இல்லை, திறந்த கதவு இல்லை. கப்பலைத் திருப்பச் சொல்ல முடியுமா? கோயிலில் போய் உட்கார்ந்துகொள்ளலாம், அடுத்த கப்பலில் யாருக்கும் தெரியாமல் ஊர் திரும்பிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

எர்முபோலி வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். பெயர்நாளாக இருந்திருந்தால் அவன் வீட்டில் விருந்தாளிகளோடு இருந்திருப்பான். இல்லையே! துறையில்தான் நின்றான், வடத்தைக் கட்டிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. தலை நரைத்திருந்தது. செவஸ்தி முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு, கப்பலிலிருந்து இறங்குகிற ஒரு லாரிக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து நடந்தாள்.

"ஏய் கெழவி! லாரிய ஒட்டி நடக்காத! நசுங்கிச் சாகப் போறியா?"

அவன்தான் கத்தினான். கத்திக்கொண்டே வந்து கையைப் பிடித்து இழுத்தான். முக்காடு நழுவியது.

"அக்கா?"

அவள் வாயில் வந்தது ஒப்பித்து வைத்திருந்த ஒன்றுதான். "பல்லாண்டு வாழ்க."

"இன்னைக்கா? என் நாளு இன்னும் வரலயே."

"தெரியும். இப்பதான், கப்பல்ல தெரிஞ்சுது." பிறகு ஒரே மூச்சில் சொன்னாள்: "அன்னைக்குக் காத்து அடிச்சுது. கப்பல் விடலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான்டா அப்படிச் சொன்னேன்."

மார்கோஸ் கடலைப் பார்த்தான்.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"அப்ப தள்ளி நில்லு. வடத்த அவுக்கணும்."

அவள் கால் கோயில் பக்கம் திரும்பியது.

"எங்க போற? மூட்டைய வச்சிட்டு இங்கயே நில்லு. ஓடிகீடிப் போயிடாத. கிறுக்கி, ரெண்டு வாரம் முன்னாடியே வந்து நிக்கிறா பாரு!" அவன் சிரித்துவிட்டான். செவஸ்தி மூட்டையின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். அவளை இறக்கிவிட்ட கப்பல் ஊதிக்கொண்டு போனது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டில் மார்கோஸின் மனைவி ரோசா கதவைத் திறந்தாள். குழந்தையைத் தூக்கி செவஸ்தியின் மடியில் போட்டாள். அது சுண்ணாம்புப் புள்ளி விழுந்த கறுப்புச் சட்டையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. மத்தியானம் நோன்புச் சாப்பாடு, பீன்ஸ் சூப். செவஸ்தி ஒரு வாய் குடித்தாள். சொல்லக்கூடாது, சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

"உப்பு பத்தல," என்றாள்.

மார்கோஸ் தலை நிமிராமலே உப்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.