கோடிக்குக் காத்திருந்த பகல்

சின்னாளப்பட்டித் தறிக்காரர் மலைச்சாமியை ராமுத்தாய் கட்டியது, அவர் அவளுக்குத் தாய்மாமன் என்பதால். ஒரே மகள் பழனியம்மாள். பதினைந்து வயதில் அவள் நெய்த சேலையில் அறுந்த இழைகள் அப்படியே கிடந்தன.

"கண்ணு என்ன பிடறியிலயா இருக்கு?" என்று தலையில் குட்டினாள் ராமுத்தாய்.

கருவிழியில் வெண்புகை படர்வது பிறகுதான் தெரிந்தது. கண்ணில் நந்தியாவட்டைச் சாறு பிழிந்தாள். எரிச்சலில் பெண் துடித்தாள். மதுரை டாக்டர் சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியும் தந்தார். நான்கு வருடத்தில் இரண்டும் பயனற்றுப்போயின. மறுபடி போனபோது டாக்டர் சொன்னார்:

"சொந்தத்துல கட்டுனீங்களா? ரெண்டு பேர் வழியாவும் வந்திருக்கு. இப்போ கருவிழியையே மாத்தலாம். ஆனா செத்தவங்க கண்ணு வேணும், ஆறு மணி நேரத்துக்குள்ள."

ஈளை நோயில் கிடந்த மலைச்சாமி சிரித்தார். "எனக்கு நாள் குறிச்சாச்சு. என் கண்ணை எம்மகளுக்கு வையிங்க. கூலி குறைச்ச யாவாரிகளை அவளும் முறைச்சுப் பாக்கட்டும்."

1963 தையில் ஒருநாள், விடியும்போது அவர் போய்விட்டார். நூல் வியாபாரி நூர் முகமது காரோடு வாசலில் நின்றார்.

"தாயி, ஒரு வார்த்தை சொல்லு. மதுரைக்குப் போயி டாக்டரைக் கூட்டிட்டு வாரேன்."

"எங்கண்ணன் பொறந்த வீட்டுக் கோடித்துணியோட வந்துரட்டும்ணே. அதுக்கு முந்தி உடம்புல கத்தி வச்சா ஊரு காறித் துப்பும்."

குஜிலியம்பாறையிலிருந்து அண்ணன் சோலைமலை கோடித்துணியோடு வந்து இறங்கியபோது பிற்பகல் மணி மூன்று. கார் எப்போதோ போயிருந்தது.

அப்பா கண்ணை எடுத்தாங்களா என்று மகள் கேட்டாள். "டாக்டரு வரலடி" என்றாள் ராமுத்தாய்.

மூன்று வருடம் கழித்து, யாரோ ஒரு பெண்ணின் கருவிழி பழனியம்மாளின் வலக்கண்ணில் தைக்கப்பட்டது. இறந்தவளின் புருஷன் கேட்டவுடன் சம்மதித்தாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து ராமுத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வாய் திறந்தாள்.

"அன்னைக்கு டாக்டரு வரலைன்னு சொன்னேன்ல..."

"நீ கூப்பிட விடல. நூர் மாமா கெஞ்சுனது உள்ள இருந்த எனக்குக் கேட்டுச்சும்மா. கண்ணுதானே தெரியாது?"

"தெரிஞ்சும் ஏன்டி எங்கிட்ட சண்டை போடல?"

"நானும்தான் வெளிய வந்து சொல்லல. ஊருக்குப் பயந்துதான்."

ராமுத்தாய் மருந்துப் புட்டியைத் திறந்தாள். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது.

"கை நடுங்காம ஊத்தும்மா" என்றாள் மகள்.