குச்சி நட்ட தெரு

கொட்டாஞ்சேனையில் ஒரு தெருவாரிடம் நான் கைக்கூலி வாங்கிக்கொண்டு களவுக் குழாய்களைக் கண்டும் காணாமல் விட்டேன் என்றொரு பேச்சு சில காலம் உலவிற்று. வெள்ளவத்தையில் என் அயலவர்கள் சிலரும் அதை நம்பினார்கள். அப்போது நான் பதில் சொல்லவில்லை, தேவையும் இருக்கவில்லை. நடந்ததை முறையாக எழுதிவைப்பது மட்டுமே இங்கே என் நோக்கம்.

உலகப் போர் முடிந்திருந்த காலம். நகரின் நீர்க்குழாய்ப் பரிசோதகனாகப் பல ஆண்டுகள் கடமையாற்றிய என்னை, அந்தத் தெருவில் கழிவுநீர்க் குழாய் பதிக்கும் வேலைக்குப் பொறுப்பாக அனுப்பினார்கள். இராணுவம் விட்டுச்சென்ற அகழ்பொறி ஒன்றும் எங்களுக்குக் கிடைத்தது. நீண்ட இரும்புக் கையும் அதன் நுனியில் பல் வைத்த வாளியும் கொண்ட அதனைத் தெருவார் ‘வாளி மெசின்’ என்றார்கள். கூலிகள் ஒரு கிழமை தோண்டுவதை அது ஒரு பொழுதில் தோண்டும். ஆனால் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று மண்வெட்டி பிடித்தவனின் கைக்குத் தெரிவதுபோல் அதற்குத் தெரியாது.

ஆகவே, வேலை தொடங்குமுன் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தெருவுக்குக் குறுக்கே சோதனைக் குழிகளைக் கையால் வெட்டுவித்தேன். நீர்ப் பெருங்குழாய், எரிவாயுக் குழாய், மின்வடம் மூன்றும் வரைபடம் காட்டிய இடத்திலேயே கிடந்தன. சுண்ணாம்பால் கோடு போட்டு, அதன் பின்னரே இயந்திரத்தை இறக்கினேன்.

முதல் நாளே, எந்த வரைபடத்திலும் இல்லாத ஈயக்குழாய் ஒன்றை வாளி பிடுங்கி எறிந்தது. பிடுங்கிய வேகத்தில் பெருங்குழாயின் மூட்டும் அசைந்து, மாலைவரை அந்த வட்டாரத்துக்கே தண்ணீர் இல்லாமற் போயிற்று. வந்து பார்த்த வெள்ளைக்காரப் பொறியியலாளர் சுருக்கமாகப் பேசினார்: இன்னொரு குழாய் உடைந்தால் என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டு, காரணத்தை என் சேவைக் கோவையில் எழுதுவார். அதுவரை என் கோவையில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது.

அறுந்த குழாயின் வழியைக் கண்ணால் தொடர்ந்தேன். அது ஓர் ஆப்பக்கடையை நோக்கிப் போயிற்று. கடைக்கார அம்மா வாசலில் நின்றார்.

“அம்மா, இது உங்கட பைப் தானே?”

“பைப்பா? எங்களுக்கு ஏதய்யா பைப்? நாங்க சந்திக் குழாயில தான் வரிசையில நிண்டு அள்ளுறது.”

“அப்ப உள்ளுக்கு முற்றமெல்லாம் ஈரமாய் இருக்கு?”

“மழை பெஞ்சிச்சே ஐயா.”

வானம் வெளுத்துப் பல நாளாயிருந்தது. அடுத்த வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் இதே கதைதான். இயந்திரத்தை ஓட்டியவர் கொம்பனித்தெரு மலாய்க்காரர். போர்க்காலத்தில் இராணுவத்தில் இருந்தவர். ஆசனத்தில் இருந்தபடியே அவர் சிரித்தார்.

“இந்தத் தெருவில ஒருத்தருக்கும் பைப் இல்லயாம் ஐயா. ஆனா எல்லாரும் நல்லாக் குளிச்சிட்டுத் தான் ஈக்கிறாங்க.”

அவர்கள் பொய் சொன்னதற்குக் காரணம் எனக்குத் தெரியும். களவாக இணைப்பெடுத்த எத்தனையோ பேரை நான் நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கிறேன். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை, அது கடமை. அந்தப் பெயரே இப்போது தெருவின் வாயைப் பூட்டியிருந்தது. குழாய் இருக்கும் இடம் அதைப் புதைத்தவருக்கு மட்டும் தெரியும். அவரோ என்னிடம் சொல்லமாட்டார். சொல்லாவிட்டால் குழாய்கள் உடையும், நான் திறமையற்றவன் ஆவேன். சொல்லவைக்க நான் விட்டுக்கொடுத்தால், விலைபோனவன் ஆவேன்.

ஒரு முடிவுக்கு வந்தேன். பட்டப்பகலில், எல்லாரும் வீட்டிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சனம் திரும்பிய நேரம் பார்த்து, சாரதியையும் அழைத்துக்கொண்டு அத்தெருவுக்குப் போனேன். ஒரு வீட்டுப் படியும் ஏறவில்லை. நீட்டிய சோடாவையும் வாங்கவில்லை. நடுத்தெருவில் நின்று உரத்துச் சொன்னேன்:

“எங்க பைப் போகுதோ, அங்க ஒரு குச்சியை நடுங்கோ. குச்சி நிக்கிற இடத்தில மெசின் வராது, கையால வெட்டுவம். ஆர் நட்டது எண்டு நான் கேக்கமாட்டன். வேலை முடிஞ்சு குழி மூடுற வரைக்கும் ஒருத்தர் மேலயும் வழக்கில்லை. அதுக்குப் பிறகு சட்டம் சட்டம்தான். அதுக்கிடையில எல்லாரும் முறைப்படி விண்ணப்பம் குடுங்கோ.”

“கோட்டுக்கு இழுக்கிறதுக்கு இது புதுத் தூண்டிலோ ஐயா?” என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார். சிரிப்பு எழுந்தது.

“நான் சொன்ன சொல்லை மாத்தினதை ஆரும் கண்டிருக்கிறியளோ?”

சிரிப்பு அடங்கியது. கடைக்கார அம்மாதான் வாய் திறந்தார்: “அது உண்மை. இவர் பிடிப்பன் எண்டா பிடிக்கிற ஆள்.”

மறுநாட் காலை தெரு ஒரு காய்கறித் தோட்டம்போல் இருந்தது. விறகுக் குச்சி, குடைக் கம்பி, கந்தல் கட்டிய மூங்கில் என்று வீட்டுக்கொன்றாய் நின்றன. ஆப்பக்கடைக்கு முன்னால், முதல் நாள் அறுந்த குழாய்க்குச் சற்றுத் தள்ளி, சிரட்டை அகப்பை ஒன்று நட்டிருந்தது. அந்தக் கடைக்கு இரண்டாவது குழாயும் இருந்திருக்கிறது.

“இந்த அகப்பையில மட்டும் பேர் எழுதியிருக்கிற மாதிரி ஈக்கி” என்றார் சாரதி.

“நீங்கள் மெசினைப் பாருங்கோ” என்றேன்.

ஒவ்வொரு குச்சியிலும், குத்திக் கிளப்பும் பிக்கானைத் தடைசெய்து, மண்வெட்டியால் மட்டும் மெதுவாக மண்ணை எடுப்பித்தேன். குழாய் தெரிந்ததும் குழிக்கு மேலே பலகை வைத்து, கயிற்றால் அதைத் தூக்கிக் கட்டினோம். அதற்கு இருபுறமும் இரு கை விரித்த அகலம் தள்ளியே வாளி இறங்கியது. சாரதியின் கை அவ்வளவு அடக்கமானது. ஒரு குச்சியின் கீழே குழாயே இருக்கவில்லை. தம் செவ்வரத்தைச் செடியைக் காப்பாற்ற ஒருவர் நட்டிருந்தார். அங்கும் கையாலேயே வெட்டினோம். சொல் சொல்தான்.

பொறியியலாளர் வந்து குச்சிகளைப் பார்த்தார். அகப்பையைச் சற்று நேரம் பார்த்தார். பெயர்கள் வேண்டும் என்றார். நான் கேட்கவில்லை, கேட்கப்போவதுமில்லை என்றேன். இன்று பெயர் எடுத்தால் நாளைக்கு இந்நகரில் எவரும் உங்கள் இயந்திரத்துக்கு முன்னால் ஒரு குச்சியும் நடமாட்டார் என்பதையும் நல்ல ஆங்கிலத்தில் எடுத்துரைத்தேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். பெயர் கேட்டு மறுபடி வரவேயில்லை.

தெருமுனைவரை ஒரு குழாயும் உடையவில்லை. குழி மூடுமுன்பே விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. களவுக் குழாய் இருந்தும் கொடாதவர் ஒருவர்தான்: தெருமுனையில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்தவர். நான் அவரிடம் இருமுறை நேரில் சொன்னேன். மூடிய மண்ணை அமுக்கி முடித்ததும் அவர்மேல் நீதிமன்றத்தில் முறைப்பாடு செய்தேன்.

கைக்கூலிப் பேச்சைக் கிளப்பியவர் அவர்தான். வழக்கில் அவர் வாதமும் அதுவே: பரிசோதகர் எல்லாரிடமும் வாங்கிக்கொண்டு வழக்கில்லை என்று வாக்குக் கொடுத்தார், என்னிடம் கிடைக்காததால் வஞ்சம் தீர்க்கிறார். அதை நிரூபிக்க ஆப்பக்கடை அம்மாவைத் தம் சாட்சியாக அழைத்தார்.

வாக்குக் கொடுத்தது உண்மையா என்று வியாபாரியின் வழக்கறிஞர் கேட்டார்.

“ஓம், குடுத்தவர். றோட்டில நிண்டு, ஊருக்கே கேக்க.”

அதற்காக என்ன வாங்கினார் என்று கேட்டார்.

“சோடா நீட்டினம். அதையும் வாங்கேல்ல.” அம்மா நீதவான் பக்கம் திரும்பினார். “குழி மூடுற வரைக்கும் எண்டு தான் ஐயா சொன்னவர். மூடியாச்சு. இந்த முதலாளிக்கும் அது கேட்டது. எனக்குப் பக்கத்தில தான் நிண்டவர்.”

நீதவான் அபராதம் விதித்தார். முதலாளி என்னைப் பார்க்காமல் வெளியேறினார். அதன்பின் அந்தப் பேச்சைக் கொட்டாஞ்சேனையில் எவரும் எடுக்கவில்லை. வெள்ளவத்தையில் மட்டும் அது ஓய இன்னும் சிறிது காலம் பிடித்தது.