உப்புக் கூடிய கோழிக்குழம்பு

கொடுத்த பொருளைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு வந்தவள் என்று எங்கள் அம்மாவைப் பற்றி பம்பாய் தாராவியில் எங்கள் வீட்டு வரிசையில் கொஞ்ச காலம் பேச்சு இருந்தது. நானும் அதை நம்பினேன். நம்பாமல் எப்படி இருப்பேன்? பிடுங்கியபோது பக்கத்தில் நின்றவள் நான்தான்.

அது உலகச் சண்டை நடந்த காலம். அரிசி ரேஷனில் வந்துகொண்டிருந்தது. அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே கொட்டகையில் தோல் பதனிடும் வேலை பார்த்தார்கள். இரண்டு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கம், பக்கத்து வீட்டுக்காரர்கள் முஸ்லிம்கள். அந்த வீட்டு அம்மாளை என் அம்மா லாத்தா என்று கூப்பிடுவாள். அவர்கள் வீட்டில் அக்காளுக்கு அதுதான் சொல். நானும் லாத்தா என்றே கூப்பிட்டேன். யாரும் திருத்தவில்லை.

எங்களிடம் ஒரு கறுப்புக் கோழியும் ஒரு சிவப்புக் கோழியும் இருந்தன. எங்களிடம் என்று சொல்வதுகூட முழுக்கச் சரியில்லை. ராத்திரி அடைவதுதான் எங்கள் வீட்டில். பகலெல்லாம் அவை மேய்ந்தது லாத்தாவின் வாசலில். ரேஷன் அரிசியைப் புடைத்து விழும் குருணையை அவள் அவற்றுக்குத்தான் போடுவாள். அதனால் கோழி அடித்தால் அவர்களுக்கும் பங்கு என்பது பேசி வைக்காமலே ஏற்பட்டிருந்த வழக்கம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அப்பா கோழியை உயிரோடு லாத்தா வீட்டுக்குக் கொண்டுபோவார். லாத்தாவின் வீட்டுக்காரர் அதை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்து, வாய்க்குள் ஏதோ சொல்லி அறுத்துக் கொடுப்பார். அப்பாவுக்கு ரத்தத்தைக் கண்டால் பயம், அதனால்தான் அங்கே போகிறார் என்று நான் நினைத்திருந்தேன். தங்கள் முறைப்படி அறுக்காத கோழியை அவர்கள் சாப்பிடமாட்டார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். பல நாள் அலைந்து ஒரு மில்லில் வேலை கிடைத்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஊர்க்காரர் ஒருவரைப் பார்க்கச் சுனாபட்டிக்குப் போயிருந்தார். அம்மாவும் நானும் ரேஷன் கடை வரிசையில் வெயிலில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தபோது, கறுப்புக் கோழி உரித்து, துண்டு போட்டு, மஞ்சள் தடவிச் சட்டியில் இருந்தது. பக்கத்தில் சித்தப்பா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலை கிடைத்த சந்தோஷம்.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கோழியை எங்கே அறுப்பார்கள் என்பது கேட்கவேண்டிய விஷயமாக அவளுக்குப் படவில்லை. மிளகு அரைத்துக் குழம்பு வைத்தாள். எப்போதும் போல நல்ல துண்டுகளாகப் பொறுக்கி ஒரு பாத்திரத்தில் ஊற்றி என்னிடம் கொடுத்தாள். நான் கொண்டுபோனேன்.

நான் போன பிறகு நடந்தது பெரியவளான பின் கேட்டுத் தெரிந்துகொண்டது. கோழி அறுக்கப் போனபோது லாத்தா வீட்டு அண்ணன் இருந்தாரா என்று அம்மா சாதாரணமாகக் கேட்டிருக்கிறாள். “அவரு எதுக்கு மைனி? நானே கழுத்தத் திருகிட்டேன்” என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்து, “கறியப் பாத்தா அவங்களுக்குத் தெரியவா போவுது?” என்றும் சொல்லியிருக்கிறார்.

லாத்தா அப்போதுதான் என் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கியிருந்தாள். உள்ளே அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தட்டு எடுத்துவிட்டார்கள். அம்மா செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்து வாசலில் நின்றாள்.

“லாத்தா, அதைக் குடுங்க. உப்புக் கூடிப் போச்சு.”

“உப்புக் கூடுனா என்ன? ரெண்டு உருளைக்கிழங்கப் போட்டாச் சரியாப் போவும்” என்றாள் லாத்தா.

“இல்ல லாத்தா. வாயில வைக்க முடியாது. குடுங்க.”

அம்மா இரண்டு கையாலும் பாத்திரத்தைப் பிடித்துவிட்டாள். லாத்தா விடவில்லை. அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை எடுத்தாள்.

“ஒங்க கொழுந்தன் இப்பதான ஊர்லருந்து வந்துருக்காரு. பையப் பழகிக்கிடுவாரு” என்றாள்.

உப்புக்கும் சித்தப்பாவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை. எதிர்வீட்டுக்காரி தண்ணீர்க் குடத்தோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. அம்மாவின் சேலையைப் பிடிக்காமல் தள்ளியே நடந்து வந்தேன்.

வீட்டில் அந்தக் குழம்பையே எனக்கு ஊற்றினாள். உப்பு கனகச்சிதமாக இருந்தது.

“சரியாத்தானம்மா இருக்கு.”

“வாய மூடிட்டுத் தின்னு.”

பொய் சொன்னால் கன்னத்தைக் கிள்ளும் அம்மா எனக்கு எதிரிலேயே பொய் சொல்லியிருந்தாள். உண்மையை ஏன் சொல்லவில்லை என்று இப்போதும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. கொழுந்தனைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் இருக்கலாம். அல்லது, அதற்கு முன்னால் கொடுத்தனுப்பிய கறியின் மேலெல்லாம் லாத்தாவுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று பயந்திருக்கலாம்.

அப்பா திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டதும் சித்தப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். உப்புப் போட்டது அம்மா. கோபம் சித்தப்பா மேல். எனக்குத் தலை சுற்றியது.

மறுநாள் காலையில் அம்மா இன்னும் குழப்பிவிட்டாள். முட்டை இட்டுக்கொண்டிருந்த சிவப்புக் கோழியைப் பிடித்து, லாத்தாவின் மடியில் வைத்துவிட்டு வந்தாள். ஒரு பாத்திரம் குழம்பைக் கொடுக்க மனமில்லாதவள் முழுக் கோழியைக் கொடுக்கிறாளே என்று நான் அழுதேன். சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோழிக்கு யார் வீடு என்ற விவரம் தெரியுமா? அது பழையபடி எங்கள் வீட்டுக்கு வந்து, அரிசிச் சாக்கின் மூலையில் முட்டையிட்டுவிட்டுப் போனது. அம்மா முட்டையை என்னிடம் கொடுத்து, “கோழி அவங்களது, கொண்டு குடு” என்றாள். லாத்தாவோ, “இட்ட வீட்டுக்குத்தான் முட்டை, கொண்டு போ” என்றாள். நான் சூடு ஆறாத முட்டையோடு இரண்டு வாசலுக்கும் நடந்தேன். கடைசியில் லாத்தாவே அதை அவித்து, உரித்து, உப்பும் மிளகும் தொட்டு என் வாயில் ஊட்டிவிட்டாள். அம்மா கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் விழுங்கினேன். அம்மா கேட்கவேயில்லை.

தீபாவளிக்கு அப்பா ஒரு சேவல் வாங்கி வந்தார். இந்தத் தடவை சித்தப்பா தானாக எழுந்து, சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லாத்தா வீட்டுக்குப் போனார். அறுத்து முடியும்வரை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். லாத்தாவின் வீட்டுக்காரர் கத்தியைக் கழுவிவிட்டு, மில் வேலை எப்படி இருக்கிறது என்று அவரிடம் விசாரித்தார். அப்பாவும் அன்றைக்குச் சித்தப்பாவோடு பேசினார்.

குழம்பு கொதித்தபோது நான் அடுப்படியைவிட்டு நகரவில்லை. எங்கள் அம்மாவுக்கு உப்பு சரியாகப் பார்க்கத் தெரியாது என்ற முடிவுக்கு நான் எப்போதோ வந்திருந்தேன். இன்னொரு தடவை தெருவில் மானம் போகக்கூடாது. உள்ளங்கையை நீட்டினேன். அம்மா கேள்வி கேட்காமல் கரண்டியிலிருந்து இரண்டு சொட்டு விட்டாள். நான் நக்கிப் பார்த்து, கண்ணை மூடி யோசித்து, சரியாக இருக்கிறது என்றேன். அம்மா தலையாட்டினாள்.

பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு லாத்தா வீட்டுக்கு நடந்தேன். ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அம்மா ஓடி வரவில்லை. என் நாக்கின் கெட்டிக்காரத்தனத்தால்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன்.