ஏழுதுறையின் நாற்பத்திரண்டாம் சட்டம்

றொசாந்தி இதுவரை முந்நூற்றுப் பதினொரு சட்டங்கள் இயற்றியிருக்கிறாள். அவற்றில் ஒன்றுகூட உருப்படியானது இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. உருப்படியில்லாமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே அவள் பாடுபட்டு எழுதினாள்.

வார நாள்களில் அவள் ஒரு பிரதேச சபையில் லிகிதர், எழுத்து வேலை. நாய்க்கு அனுமதிப்பத்திரம், கட்டாக்காலி மாட்டுக்குத் தண்டம், மதிலுக்கு இத்தனை அடி உயரம் என்று நாள் முழுக்க உண்மையான விதிகளோடு மாரடிப்பவள். சனிக்கிழமை பின்னேரம் மயிலிட்டியில் தன் வீட்டு விறாந்தையில் மேசையைப் போட்டுக்கொண்டு பொய்யான விதிகளை எழுதுவாள். மேசைக்கு இந்தப் பக்கம் நானும் என் மனைவி ஜெசிதாவும் இருப்போம். நான் சுபாஸ், துறைமுகத்துக்குப் பக்கத்தில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துபவன்.

விளையாட்டு இதுதான். ஒருவர் ஒரு நாட்டைக் கற்பனை செய்து சொல்வார். மற்றவர்கள் அந்த நாட்டில் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்று சொல்லவேண்டும். செய்தது பலித்ததா என்பதை இருபது முகமுள்ள ஒரு தாயக்கட்டை முடிவு செய்யும். கொரோனாவுக்கு முந்திய வருடம் ரொறன்ரோவிலிருந்து வந்த றொசாந்தியின் மச்சாள் ஒருத்தி இந்த விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே இருந்த புத்தகம் முழுக்கப் பனிமலையும் கோட்டையும் நெருப்புக் கக்கும் பறவை நாகமும். றொசாந்தி அதை இரண்டு நாள் வாசித்துவிட்டு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"பனியை நான் பிறிஜ்ஜுக்குள்ளை மட்டுந்தான் கண்டனான். எனக்குத் தெரிஞ்ச இடத்தைத்தான் நான் ஆளுவன்" என்றாள்.

அப்படிப் பிறந்ததுதான் ஏழுதுறை என்ற நாடு. ஏழு துறைமுகம், ஒரு ராணி, கணக்கில்லாத மூடநம்பிக்கை. மூன்று தரம் தும்மியவன் அன்று முழுவதும் சாட்சி சொல்லக் கூடாது. நண்டு பார்த்திருக்கக் கலியாணம் பேசக் கூடாது, பேசினால் மாப்பிள்ளை மணவறைக்குப் பக்கவாட்டில் நடந்து வரவேண்டும். வரி வாங்கப் போகிறவர் வழியில் மாடு படுத்திருக்கக் கண்டால், அது எழும்பும்வரை தானும் பக்கத்தில் படுக்கவேண்டும். நான்தான் அந்த நாட்டின் வரி அதிகாரி. மூன்று சனிக்கிழமை தொடர்ந்து தாயக்கட்டை என்னை மாட்டுக்குப் பக்கத்திலேயே படுக்க வைத்தது. ஜெசிதா அதை இன்றைக்கும் என் சொந்தக்காரருக்குச் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஆனால் றொசாந்தி சும்மா சிரிப்புக்காக எழுதுகிறவள் இல்லை. "சட்டம் எவ்வளவு விசராயும் இருக்கலாம். ஆனா அந்த நாட்டு ஆக்கள் ஏன் அதை நம்பினவை எண்டதுக்கு உள்ளுக்குள்ளை ஒரு பயம் இருக்க வேணும். பயம் இல்லாத சட்டம் நிண்டு பிடிக்காது" என்பாள். கொப்பியில் ஒவ்வொரு சட்டத்துக்கும் இலக்கமும் திகதியும் போடுவாள். சபையில் பழகின கை.

2021ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை அவள் நாற்பத்திரண்டாம் சட்டத்தை வாசித்தாள். "கடல் ஒரு வீட்டிலிருந்து ஆளை எடுத்தால், அந்த வீட்டுக்கு ஏதாவது ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும்வரை அந்த வீட்டின் வள்ளம் கடலில் இறங்கக் கூடாது."

எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. நல்ல சட்டம் என்று ஜெசிதா சொன்னாள். அது அளவுக்கு மேல் நல்ல சட்டமாகப் போய்விட்டது. அதைக் கெடுத்தவன் நான்.

எங்கள் ஊரின் நிலைமையை இங்கே சொல்லவேண்டும். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊர் முழுவதும் எழும்பி ஓடியது. இருபத்தேழு வருடம் கழித்துத்தான் திரும்பி வந்தோம். நானும் றொசாந்தியும் தெல்லிப்பழைப் பக்கம் முகாமில் வளர்ந்தவர்கள். கடல் மூன்று மைல் தள்ளி இருந்தது, போய்ப் பார்க்க இராணுவம் விடாது. திரும்பி வந்தபோது கடல் இருந்தது, கரை இருந்தது. கடல் தொழிலின் பழைய வழக்கங்கள் மட்டும் ஒவ்வொருவர் தலையிலும் ஒவ்வொரு விதமாக இருந்தன. வலையை எந்தப் பக்கத்தால் ஏற்றுவது, வள்ளத்துக்கு எந்தக் கிழமை தேங்காய் உடைப்பது என்று தேத்தண்ணிக் கடையில் நாள்தோறும் சண்டை. தெரியாது என்று ஒருவர் வாயிலும் வராது. கடற்கரையில் பிறந்தவன் எனக்குத் தெரியாது என்று சொன்னால் அவன் கடற்கரையான் இல்லை என்றாகிவிடும் என்ற வெட்கம்.

அந்த வெட்கம் எனக்கும் இருந்தது. ஒரு நாள் கடை வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, என் பங்குக்கு ஏதாவது சொல்லவேண்டுமே என்று, நாற்பத்திரண்டாம் சட்டத்தை எடுத்துவிட்டேன்.

"ஆர் உனக்குச் சொன்னது?" என்று கேட்டார் மீனவர் சங்கத் தலைவர் முருகேசு ஐயா.

"பழைய ஆக்கள் சொல்லுறவை" என்றேன்.

அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுத் தலையை ஆட்டினார். "ஓம், ஓம். எங்கடை ஐயாவும் உப்பிடி ஒண்டு சொல்லுறவர்."

அவ்வளவுதான். ஒரு மாதத்தில் அது ஊர் வழக்கம் ஆகிவிட்டது.

அடுத்த வருடக் கடைசியில் செல்வரட்ணம் அண்ணை கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. இரண்டு நாள் தேடினார்கள். மூன்றாம் நாள் அவருடைய பைபர் வள்ளம் மட்டும் வெறுமையாக மிதந்து வந்தது. அவருடைய மனைவி கேதீஸ்வரி அக்கா அதைக் கரையில் கவிழ்த்து, மேலே தென்னோலைக் கிடுகு போட்டு மூடினாள்.

ஆண்டுத் திவசம் முடிந்து மாசி பிறந்ததும் அவள் வள்ளத்தை நிமிர்த்தினாள். தம்பி பார்த்தீபன் ஓட்டுவான் என்றாள். எஞ்சினை நான்தான் வள்ளத்தில் பூட்டினேன். அந்த வள்ளத்தைத் தண்ணீருக்குள் தள்ள எட்டுப் பேராவது வேண்டும். கரையில் இருபது பேர் நின்றார்கள், ஒருவரும் கை வைக்கவில்லை.

"கேதீஸ், கோவிக்காதை. கடல் இன்னும் உனக்கு ஒண்டும் திருப்பித் தரேல்லை. இறக்கினா உன்ரை தம்பிக்குக் கூடாது" என்றார் முருகேசு ஐயா.

தம்பியின் உயிர் என்று சொன்ன பிறகு அவள் என்ன பேசுவாள்? நான் பக்கத்தில்தான் நின்றேன். கையில் திருகுசாவியை வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றேன். கோழைத்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை.

வள்ளம் திரும்பக் கவிழ்ந்து கிடுகுக்குள் போனது. அதன் பிறகு ஒரு வருடம், விடிந்ததும் கேதீஸ்வரி அக்கா கரையோரமாக நடப்பதை என் பட்டறையிலிருந்து பார்ப்பேன். குனிந்து குனிந்து பார்த்தபடி நடப்பாள். செல்வரட்ணம் அண்ணையின் சாரமோ செருப்போ ஒதுங்காதா என்று தேடினாள். பிறகு போய் அடுத்தவர்களின் மீனைத் தரம் பிரித்துக் கொடுத்து அன்றாடச் சீவியத்தைப் பார்ப்பாள். பார்த்தீபன் கொழும்பில் கட்டட வேலைக்குப் போவதாகக் கதை வந்தது. அவன் போனால் வள்ளத்துக்கு ஆள் இல்லை, விற்பதைத் தவிர வழியில்லை. இந்த மாசியில் அவள் இரண்டாம் தரம் கேட்டாள். இரண்டாம் தரமும் மறித்தார்கள். அன்று மத்தியானம் நான் பட்டறையைப் பூட்டினேன். நேரே சபைக்குப் போய் றொசாந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கையிலிருந்த முத்திரையை மேசையில் வைத்தாள். "என்ரை சட்டத்தையோ?" என்றாள். பிறகு, "ஒரு வருசமாய் அந்த மனிசி கரையிலை நடக்கிறதைப் பாத்துக்கொண்டு நிண்டனியோ?" என்று கேட்டாள். அடித்திருந்தால்கூட அவ்வளவு நொந்திருக்காது. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கொப்பியை எடுத்துக்கொண்டு என்னோடு சங்கத்துக்கு வந்தாள்.

அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். "ஐயா, உது வழக்கம் இல்லை. நான் விளையாட்டுக்கு எழுதின சட்டம். பாருங்கோ, என்ரை கையெழுத்து. திகதியும் போட்டிருக்கு."

முருகேசு ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக, வரி வரியாக வாசித்தார். "நீ எழுதின திகதி சரி பிள்ளை. வழக்கம் அதுக்கு முந்தினதுதானே."

"ஐயா, அதுக்கு மேலை உள்ளதை வாசியுங்கோ. நண்டுக்கு முன்னாலை கலியாணம் பேசக் கூடாதாம். உது வழக்கமோ?"

அவர் வாசித்தார். கொஞ்சம் யோசித்தார். "உதுவும் நான் கேள்விப்பட்ட மாதிரித்தான் கிடக்கு."

அவர் கொப்பியை இரண்டு கையாலும் மூடிக் கொடுத்தார். "நல்ல வேலை செய்திருக்கிறாய் பிள்ளை. எங்களுக்குப் பிறகு ஆருக்குத் தெரியப்போகுது எண்டு நான் பயந்துகொண்டிருந்தனான். ஞாயிற்றுக்கிழமை கரையிலை வைச்சு எல்லாருக்கும் ஒருக்கால் வாசிச்சுக் காட்டு."

வெளியே வந்தோம். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவள் என் பட்டறைக்குள் வந்து, எண்ணெய் பிடித்த முக்காலியில் இருந்து, முதலில் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள், பிறகு பேனையைத் திறந்தாள்.

"என்ன செய்யுறாய்?"

"திருத்தம் எழுதுறன். சட்டத்தைப் பொய் எண்டு சொன்னா ஆருக்கும் ரோசம் வரும். சட்டத்தின்ரை படி நடந்தா ஒருத்தரும் மறிக்கேலாது. சட்டம் போட்டவள் நான். திருத்த எனக்கு உரிமை இருக்கு."

"களவெல்லே?"

"சபையிலை மாசம் ரெண்டு திருத்தம் நான்தான் ரைப் பண்ணுறனான். அது களவோ?"

ஞாயிற்றுக்கிழமை காலை கரையில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். கேதீஸ்வரி அக்காவிடம் றொசாந்தி ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள். "அக்கா, நான் வாசிப்பன். பிறகு உங்களைத்தான் கேப்பினம். உங்களுக்குப் படுறதைச் சொல்லுங்கோ." ஆனாலும் றொசாந்திக்கு உள்ளுக்குள் பயம். அவள் கைப்பைக்குள் ஒற்றைச் செருப்பு ஒன்று இருந்தது. என் காற்சட்டைப் பைக்குள் ஒரு பழைய வலை மிதப்பு இருந்தது. அக்கா திகைத்து நின்றால் இதோ கடல் தந்தது என்று காட்ட இரண்டு பேரும் ஆளுக்குத் தெரியாமல் ஆள் கொண்டுவந்திருந்தோம்.

றொசாந்தி சபை அறிவித்தல் வாசிக்கிற குரலில் வாசித்தாள். முதல் வரி எல்லாருக்கும் தெரிந்ததுதான், தலையாட்டினார்கள். அதோடு நிறுத்தாமல் அடுத்த வரியையும் வாசித்தாள். "கடல் திருப்பிக் கொடுத்தது எது என்பதைச் சொல்லவேண்டியவர் அந்த வீட்டுப் பெண். அவர் சொன்னதன் பிறகு, கரையில் நிற்கும் எவரும் கை வைக்காமல் இருக்கக் கூடாது. இருந்தால் அந்தக் குற்றம் அவருடைய வள்ளத்தைச் சேரும்."

முருகேசு ஐயா நெற்றியைச் சுருக்கினார். அன்றைக்குத் தான் வாசித்தபோது இந்த வரி இருந்ததா என்று அவர் யோசித்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் எல்லாருக்கும் வாசித்துக் காட்டு என்று சொன்னவரே அவர்தான். எனக்குத் தெரியாது என்று சொல்லும் பழக்கமும் அவருக்கு இல்லை.

"அப்ப நீ சொல்லு கேதீஸ். கடல் உனக்கு என்ன தந்தது?" என்றார்.

கேதீஸ்வரி அக்கா எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவேயில்லை. நிமிர்த்தி வைத்திருந்த வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் கையை வைத்தாள்.

"இதைத்தான் தந்தது" என்றாள். "ஆள் இல்லாமல் இது மட்டும் தனிய வந்தது. நீங்கள் எல்லாரும் கரையிலை நிண்டு கண்டனீங்கள்தானே. கடல் மூண்டாம் நாளே தந்திட்டுது. நீங்கள்தான் ரெண்டு வருசமாய்க் கவிட்டு வைச்சிருந்தனீங்கள்."

நாற்பது பேரும் பார்த்த ஒன்றை ஒருவரும் பார்க்கவில்லை, சட்டம் எழுதியவளும் பார்க்கவில்லை. முருகேசு ஐயா சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து வள்ளத்தில் கை வைத்தார். பிறகு இடம் போதாமல் ஆள்கள் ஒருவரோடொருவர் இடிபட்டார்கள். பார்த்தீபன் ஏறி எஞ்சினை இழுத்தான். முதல் இழுவையிலேயே பிடித்தது, அந்தப் பெருமையை மட்டும் நான் ஒருவருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டேன்.

வள்ளம் போனபிறகு முருகேசு ஐயா றொசாந்தியிடம் வந்தார். "அந்த வீட்டுப் பொம்பிளைதான் சொல்ல வேணும் எண்டு எங்கடை ஐயாவும் சொல்லுறவர். நான்தான் மறந்துபோனன்" என்றார்.

"ஓம் ஐயா. இனி மறவாதையுங்கோ" என்றாள் அவள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. சபையில் அவளிடம் வாதாடி வென்றவர்கள் ஏன் குறைவு என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

அடுத்த சனிக்கிழமை அவள் புதுக் கொப்பி ஒன்றைத் தொடங்கினாள். முதல் பக்கத்தில் ஒரே ஒரு சட்டம். "இந்த மேசையில் எழுதியதைத் தேத்தண்ணிக் கடையில் சொன்னவன், அதனால் துன்பப்பட்டவர் முன்னால் பகலில் போய் நின்று, தன் பெயரைச் சொல்லவேண்டும்." வாசித்துவிட்டுத் தாயக்கட்டையை என்னிடம் தராமல் கைக்குள் வைத்துக்கொண்டாள். போய்விட்டு வந்து விளையாடு என்று அதற்குப் பொருள்.

போனேன். கேதீஸ்வரி அக்கா முற்றத்தில் தன் சொந்த வலையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். தேத்தண்ணிக் கடை வாங்கிலிருந்து தொடங்கி, திருகுசாவியோடு வாய் திறக்காமல் நின்றது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வலையை விடாமலே கேட்டாள்.

"ரெண்டு வருசமாய் நான் கடலோடை கோவிச்சுக்கொண்டிருந்தன் சுபாஸ்" என்றாள். "உன்னோடை எல்லே கோவிச்சிருக்க வேணும்."

பிறகு வலையின் மற்ற நுனியை என் பக்கம் நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன்.