கடிபட்ட பென்சில்

வீட்டில் ஊசி என்றால் அவள்தான். முடியளவு பிசகைக்கூடப் பிடித்துவிடும் விரல், எதிரே நிற்பவரைக் குத்திவிடும் வாய். இரண்டுக்கும் சேர்த்து அண்ணன் வைத்த பெயர் அது. நகைக்கடை வேலையை விட்டுவிட்டு, சமையலறையை ஒட்டிய அறையில் சொந்தப் பட்டறை போட்டிருந்தாள். ஒரு மூலையில் அரமும் ஊதுகுழலும். எதிர் மூலையில் கணவருடைய கம்ப்யூட்டரும் மெழுகில் உருவம் அச்சடிக்கும் பிரிண்டரும். அவர் திரையில் செய்ததை இவள் கையால் வெள்ளியாக்குவாள்.

அண்ணன் தச்சர். போன மழைக்காலத்தில் மாரடைப்பு கொண்டுபோய்விட்டது. மூடிக்கிடந்த மரப்பட்டறையை வெள்ளிக்கிழமை அண்ணியே திறக்கப்போகிறாள்.

“அன்னிக்குக் கழுத்துல அவரோடது ஏதாவது வேணும், ஊசி. போட்டோ வச்ச லாக்கெட் வேண்டாம். அதுல சிரிக்கிறவர் யாரோ மாதிரி இருக்கார்.”

சொல்லிவிட்டு, அண்ணன் எப்போதும் காதில் செருகியிருந்த கட்டைப் பென்சிலை நீட்டினாள் அண்ணி. பின்முனை முழுக்கப் பல் தடம். யோசிக்கும்போதெல்லாம் கடிப்பார். “நான் போட்ட சோறு பத்தலையா?” என்று அண்ணி கேட்காத நாளில்லை.

ஊசிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்றே பென்சிலை ஸ்கேன் செய்யவைத்தாள். மறுநாள் பிரிண்டரிலிருந்து மெழுகுப் பென்சில் வெளியே வந்ததும் ஓடிப்போய் எடுத்துக் கட்டைவிரலால் தடவினாள். வழுவழு என்றிருந்தது.

“ஏங்க, தடம் எங்கே?”

“பின்னாடி ஒரே குண்டும் குழியுமா இருந்துச்சு. பூச்சி அரிச்சதுன்னு நினைச்சு, ஒரே பட்டன்ல சரி பண்ணிட்டேன்” என்றார் கணவர் பெருமையாக.

“அது பூச்சி இல்லைங்க, எங்க அண்ணன்!”

மனிதர் திருதிருவென்று விழித்தார். பிறகு திரையின் முன் உட்கார்ந்து, அழித்த குழிகளை எல்லாம் மீட்டார். பிரிண்டர் மறுபடி ஓடியது. இந்த முறை விரல் குழிக்குள் இறங்கியது. மெழுகைச் சுற்றி அச்சுக்கான மாவுக்கலவை ஊற்றி, இறுகியதும் அடுப்பில் வைத்து மெழுகை உருக்கி வெளியேற்றினாள். அந்த வெற்றிடத்தில் வெள்ளியை ஊற்றினாள். தண்ணீரில் அமிழ்த்தியதும் ‘உஸ்ஸ்’ என்று அச்சு உடைந்து சிதற, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு துழாவினாள்.

இருந்தது! ஒரு பல் தடம்கூடத் தப்பவில்லை.

“வந்துட்டார், வந்துட்டார்!” என்று அவள் போட்ட கூச்சலில் கணவர் காபியைக் கொட்டிக்கொண்டார்.

எதையும் முகம் தெரியும்வரை பளபளப்பாக்குகிறவள், கடித்த இடத்தை மட்டும் தொடவேயில்லை. கூர்முனையில் துளையிட்டு நிஜமான பென்சில் கரியைச் செருகினாள். நீளமான சங்கிலியில் கோத்தாள்.

வெள்ளிக்கிழமை மரப்பட்டறையில் அண்ணி அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பலகைமேல் குனிந்தாள். அளந்தாள். வெள்ளிப் பென்சிலால் ஒரே இழுப்பில் கோடு போட்டாள். அடுத்த அளவை யோசித்தபோது, பின்முனை தன்னால் வாய்க்குப் போனது.

“அண்ணி, பல்லு போயிடும்! அது வெள்ளி!” என்று கத்தினாள் பக்கத்தில் நின்ற ஊசி.

அண்ணி பென்சிலை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தாள். எத்தனையோ மாதம் கழித்து, தோள் குலுங்கச் சிரித்தாள்.

“என் பல்லு இந்தத் தடத்துல பொருந்தவே இல்லைடி. உங்க அண்ணனுக்கு எவ்வளவு பெரிய பல்லு!”

சிரித்தபடியே அடுத்த பலகையை இழுத்துப் போட்டாள்.