ஆறு கட்டிகளும் அரைத் தம்ளர் பானகமும்

போன செவ்வாய்க்கிழமை கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போனேன். மகள் வீடு வரக்காப்பொலயில். அவளோடுதான் இப்போது இருக்கிறேன். பஸ் கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிட்டது. வீதியோரம் மதகு வேலை. வயிறு சுழலும் பெரிய லொறி ஒன்று கொங்கிரீட்டைக் கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக அந்த மணம் உள்ளே வந்தது. ஈரச் சீமெந்து மணம் உங்களுக்குத் தெரியுமல்லவா? மழையில் நனைந்த சுவரும் பழைய ஆணியும் சேர்ந்த மாதிரி இருக்கும். பக்கத்தில் இருந்த பெண் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். நான் கழுத்தை வெளியே நீட்டி மோந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், கண்ணுக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.

எனக்கு அந்த மணம் ஒரு தகரக் கொட்டகையின் மணம். அங்கே நான் மூன்று வருடம் வேலை செய்தேன். வேலை என்னவென்று கேட்டால் இன்றைக்கும் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கல் மாதிரி கட்டி செய்வது, அதைத் தண்ணீரில் போட்டுப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது, பிறகு மெஷினில் வைத்து உடைப்பது. உடைப்பதற்காகவே ஒன்றைச் செய்கிற வேலை உலகத்தில் வேறு இருக்கிறதோ என்னவோ.

எங்கள் ரப்பர் தோட்டத்துக்கும் பெரிய வீதிக்கும் நடுவில் ஓர் ஆறு. இரண்டு மரக்கட்டைகளும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும்தான் பாலம். மழைக்காலத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பிரசவ வலி எடுத்த பெண்ணைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு அந்தக் கட்டையில் நடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு வழியாகக் கொங்கிரீட் பாலம் வந்தது. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் பலருக்குக் கல் சுமக்கும் வேலை கிடைத்தது. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். இங்கிலீஷில் இலக்கம் எழுதுவேன் என்பதற்காக என்னை ‘லெப்’புக்கு எடுத்தார்கள். லெப் என்றால் பரிசோதனைக் கூடம், ஆனால் நீங்கள் பெரிதாக நினைக்க வேண்டாம். நான்கு தூண், மேலே தகரம், உள்ளே ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு மெஷின்.

மெஷினுக்குப் பொறுப்பு சுனில். என்னைவிட நான்கு வயது இளையவன், மாவனெல்லைப் பக்கத்துச் சிங்களப் பையன். என்னை அக்கே என்பான், நான் அவனைச் சிங்களத்தில் தம்பி என்கிற மாதிரி மல்லி என்பேன். தமிழ் பேச ஆசை, நிறுத்தத் தெரியாது. கலவை கொட்டும் நாளில் ஒரு தட்டில் கொஞ்சம் எடுத்து வருவோம். முதலில் அடியில்லாத தகரக் கூம்பில் நிரப்பி, கூம்பை மெதுவாகத் தூக்கினால் கலவை கொஞ்சம் உட்காரும். எவ்வளவு உட்காருகிறது என்று அளக்க வேண்டும். அதிகம் உட்கார்ந்தால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம். முதல் தடவை பார்த்தபோது, “இது புட்டு தானே மல்லி, தேங்காப்பூதான் இல்ல” என்றேன். அன்றிலிருந்து அவன் அதைப் புட்டு டெஸ்ட் என்றுதான் சொன்னான். இஞ்சினியர் முன்னாலும் ஒரு தடவை வாய்தவறிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான்.

பிறகு இரும்பு அச்சுகள், ஆறு. ஒவ்வொன்றிலும் மூன்று தடவையாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் இரும்புக் கோலால் முப்பத்தைந்து குத்து. எண்ணிக்கை தப்பக்கூடாது என்று நான் ஒவ்வொரு குத்துக்கும் ஓம் சக்தி சொல்லுவேன். மறுநாள் அச்சைக் கழற்றித் தொட்டியில் இறக்குவோம். மூன்று கட்டி ஏழாம் நாள், மூன்று இருபத்தெட்டாம் நாள். பிள்ளை பெற்ற வீட்டுத் தீட்டுக்கு முப்பத்தொன்று, கொங்கிரீட்டுக்கு இருபத்தெட்டு என்று எங்களுக்குள் ஒரு பேச்சு.

உடைப்பதைப் பார்க்க வேண்டும் நீங்கள். மெஷின் நடுவில் கட்டியை வைத்து, சுனில் கைப்பிடியை ஆட்டி ஆட்டி அமுக்குவான். கடிகாரம் மாதிரி வட்டத்தில் கறுப்பும் சிவப்புமாக இரண்டு முள் சேர்ந்து ஏறும். ஏறி ஏறி, ஒரு நொடியில் படார் என்று வெடிக்கும். கறுப்பு முள் விழுந்துவிடும். சிவப்பு முள் மட்டும் தொட்ட இடத்திலேயே நிற்கும். கட்டி எவ்வளவு பாரம் தாங்கியது என்பதற்குச் சாட்சி அந்தச் சிவப்பு முள். நல்ல கட்டி உடைந்தால் நான்கு பக்கமும் உதிர்ந்து நடுவில் உடுக்கை மாதிரி நிற்கும். நான் அதைக் கையில் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். சுனில் சிரிப்பான்.

அவன்தான் ஒரு நாள் சொன்னான்: “அக்கே, இந்தக் கட்டிதான் பாலம். பாலத்த உடைச்சிப் பாக்க ஏலாது தானே? அதுக்குப் பதிலா இத உடைக்கிறது. இதுக்கு உள்ள என்ன இருக்கோ அதுக்கு உள்ளயும் அதுதான்.”

இந்தப் பேச்சு என் மனதில் அப்படியே இறங்கிவிட்டது. வினையும் அதில்தான் வந்தது.

கலவை போடும் குழுவுக்குத் தலைவர் ஜோசப் பாஸ்; கொத்தனாரை அங்கே பாஸ் என்போம். எங்கள் ஆள்தான். கேகாலைக்குக் கிட்டே ஒரு தோட்டத்தில் பிறந்தவர், வேதக்காரர். கலவைக்குத் தண்ணீர் ஊற்றும்போது யாரையும் பக்கத்தில் விடமாட்டார். “இங்க பாரு புள்ள, கஞ்சி இல்ல இது, ஆளுக்கு ஆள் ஊத்த” என்பார். ஒரு மூட்டை சீமெந்து கிழிந்தால்கூடத் துடைப்பத்தால் கூட்டி எடுப்பார்.

கரையில் பாலத்தைத் தாங்கி நிற்கும் கரைக்காலுக்கு அத்திவாரம் போடும் நாள், வெள்ளிக்கிழமை. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எதற்கு அத்திவாரம் போட்டாலும் அம்மனுக்குப் படைத்த பாலும் பானகமும் கொஞ்சம் குழியில் ஊற்றாமல் தொடங்கமாட்டோம். லயத்துப் பெண்கள் விரதமிருந்து, பக்கத்துச் சிங்கள வீட்டில் கித்துள் மரத்துக் கருப்பட்டி வாங்கி, இஞ்சியும் ஏலமும் தட்டிப்போட்டு ஒரு குடம் பானகம் கரைத்துக் கொண்டுவந்தார்கள். இஞ்சினியரை மாத்தயா, ஐயா, என்றுதான் சொல்லுவோம். அவர் கையை நீட்டி மறித்துவிட்டார். கெட்டவர் இல்லை. பூசைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார். ஆனால் சிங்களத்தில் திட்டமாகச் சொன்னார்: “என் கொங்கிரீட்டுக்குக் கல், மணல், சீமெந்து, தண்ணீர். ஐந்தாவது சாமான் கிடையாது.”

பெண்களின் முகம் விழுந்துவிட்டது. “அம்மாளுக்குக் குடுக்காம பாலத்துக்குக் கால் வச்சா ஆறு சும்மா விடுமா?” என்று முணுமுணுத்தார்கள். எனக்கும் பயமாக இருந்தது. ஆட்களை அடித்துக்கொண்டுபோன ஆறு அது.

கொட்டகைக்கு வந்தேன். தட்டில் கலவை இருந்தது. சுனில் அச்சுக்கு எண்ணெய் பூசத் துணி தேடிப் போயிருந்தான். பிரசாதமாக எனக்குக் கிடைத்த பானகம் தம்ளரில் பாதி இருந்தது. இந்தக் கட்டிதான் பாலம் என்று அவனே சொன்னானே. குழியில் ஊற்றாவிட்டால் என்ன, இதில் ஊற்றினால் அம்மாளுக்கு அங்கே போய்ச் சேராதா? கண்ணை மூடி வேண்டிக்கொண்டு ஊற்றி, மண்வெட்டியால் ஒரு புரட்டுப் புரட்டினேன். ஆறு அச்சும் நிரப்பினோம். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போனபோது பாலத்தையே நான் காப்பாற்றிவிட்ட மாதிரி ஒரு நடை.

மறுநாள் அச்சைக் கழற்றினால் மூலை கையோடு வருகிறது. கட்டி நேற்றுப் போட்ட மாதிரியே இருந்தது. மழைக் குளிர் என்று சுனில் நினைத்தான். மூன்றாம் நாள்தான் கழற்ற முடிந்தது. ஏழாம் நாள் உடைத்தோம். படார் என்ற சத்தமே இல்லை. தேநீரில் நனைத்த பிஸ்கட் மாதிரி அமுங்கியது. சிவப்பு முள் பாதிக்கும் கீழே நின்றுவிட்டது. மூன்றும் அப்படித்தான்.

இஞ்சினியர் ஜோசப் பாஸைக் கூப்பிட்டார். “சீமெந்து எங்கே போச்சு பாஸ்?” என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் அதன் அர்த்தம் விளங்கியது.

“மாத்தயா, அத்திவாரத்தைத் தட்டிப் பாருங்க. மணி மாதிரி கேக்கும்” என்றார் பாஸ்.

“காதால் கேட்டுப் பாலம் கட்ட முடியாது.”

மறுநாள் கொங்கிரீட்டைப் பெயர்த்து உடைக்கிற பெரிய மெஷின் வரும், அத்திவாரத்தைப் பெயர்க்க வேண்டும், பாஸும் அவருடைய ஆட்களும் போகலாம் என்று முடிவானது. பாஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அன்று மத்தியானமே பெரிய வீதிச் சந்திக் கடையில் பேச்சு தொடங்கிவிட்டது. “ஓ, பாஸ் கேகாலையில வீடு கட்டுறாராம்ல. இப்பதான வெளங்குது எந்தச் சீமெந்துன்னு.”

எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் வேடிக்கை. அம்மாளுக்குக் கொடுத்தது கெடுதல் செய்யும் என்று எந்த மூளைக்குத் தோன்றும்? தட்டைக் கழுவிக்கொண்டே சுனில் அவன் பாட்டுக்குப் பேசினான். முன்பு வேறு இடத்தில் வேலை செய்தபோது கலவை மெஷின் பழுதாகி நின்றதாம். உள்ளே இறுகிவிடக்கூடாது என்று டிரைவர் கடைக்கு ஓடிச் சீனி வாங்கிவந்து போட்டாராம். “சீனி பட்டா சீமெந்து புடிக்காது அக்கே. கொஞ்சம் போதும்.”

நான் கோலைத் துடைப்பதை நிறுத்தினேன். “கருப்பட்டின்னா?” என்று கேட்டேன்.

“அதுவும் சீனி தானே. ஏன் அக்கே?”

நான் பொழுது சாயும் முன் கோயிலுக்குப் போனேன். அம்மாள் முன்னால் நின்று, வாய் திறக்காமல் இருந்துவிட ஏதாவது வழி காட்டு என்றுதான் கேட்டேன், பொய் சொல்வானேன். வீட்டில் கணவர் ரப்பர் பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

“சொன்னா ஒனக்கு வேல போயிரும்.”

“ஆமா.”

“சொல்லாட்டி அந்த மனுசனுக்குப் பேரு போயிரும்.” கத்தியை விரலால் தடவிப் பார்த்தார். “வேல வேற வாங்கலாம் புள்ள.”

காலையில் உடைக்கிற மெஷின் வரும் முன்னால் போய் இஞ்சினியர் முன் நின்றேன். நான் சிங்களம் நன்றாகப் பேசுவேன். அன்றைக்கு அது ஒழுங்காக வரவில்லை. தமிழும் சிங்களமும் கலந்து கொட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“எவ்வளவு ஊற்றினாய்?”

“அரைத் தம்ளர் மாத்தயா.”

“சீனியா?”

“கித்துள் கருப்பட்டி மாத்தயா. நல்ல கருப்பட்டி.”

அந்த நிலையிலும் கருப்பட்டிக்குப் பரிந்து பேசியிருக்கிறேன் பாருங்கள். அவர் நெற்றியைத் தடவினார். திட்டுவார் என்று பார்த்தேன். பதிலாக, “சொன்னால் போதாது. செய்து காட்டு” என்றார். உடைக்க வந்த மெஷினைத் திருப்பி அனுப்பினார். ஜோசப் பாஸையே பழைய கணக்கில் கலவை போடச் சொன்னார். இஞ்சினியர் கண் முன்னாலேயே ஆறு கட்டிகள் வெறும் கலவையில், ஆறு கட்டிகள் பானகம் ஊற்றி. பானகத்தையும் நானே கரைக்க வேண்டும், அதே அளவில்.

அந்த ஏழு நாளும் வேலை நின்றது. பாஸ் வீட்டுக்குப் போகவில்லை. காலையில் வந்து தொட்டிக்குப் பக்கத்தில் கல்லில் உட்காருவார், வேலை விடும் நேரம் எழுந்து போவார். என்னோடு பேசவில்லை. தேநீர் கொடுத்தால் வாங்கிக் கீழே வைத்துவிடுவார். ஜெபமாலை அவர் சட்டைப் பைக்குள். என் ஓம் சக்தி என் வாய்க்குள். இரண்டு பேரும் ஒரே தொட்டியைப் பார்த்துக்கொண்டு வேண்டிக்கொண்டிருந்தோம்.

ஏழாம் நாள் சுனில் முதலில் பானகக் கட்டியை வைத்தான். அமுங்கி உதிர்ந்தது. பிறகு வெறும் கட்டி. முள் ஏறியது. முந்தின தடவை நின்ற இடத்தைத் தாண்டியது. இன்னும் ஏறியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். படார் என்றது. இரண்டாவது படார், மூன்றாவது படார். கண் திறந்தபோது மூன்று உடுக்கைகள் இருந்தன.

இஞ்சினியர் டெஸ்ட் புத்தகத்தை வாங்கி, பழைய இலக்கங்களுக்குப் பக்கத்தில் தன் கையால் எழுதினார்: மாதிரி கெட்டது, கலவையில் குறை இல்லை. “பாஸ், வேலையைத் தொடங்குங்கள்” என்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. என்னை அனுப்பிவிடவில்லை, மூன்று மாதம் மணல் அரிக்க விட்டு, பிறகு கொட்டகைக்கு எடுத்தார்.

இரண்டு நாள் கழித்து நான் மணல் அரித்துக்கொண்டிருந்தேன். பாஸ் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏன் புள்ள, சாமிக்கு ஊத்தணும்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன? குழி தோண்டயிலேயே அடிமண்ணுல ஊத்த விட்டிருப்பேன்ல.”

“தெரியாமப் போச்சுண்ணே. மன்னிச்சிருங்க.”

“நான் மாதாவுக்கு மெழுகுதிரி ஏத்துனேன். நீ அம்மாளுக்குப் பானகம் ஊத்துன. ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டுனது நானு.” சிரித்துவிட்டுப் போனார். நான் சல்லடையைப் பிடித்தபடி அழுதேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் சந்திக் கடைக்கு டெஸ்ட் புத்தகம் போகவில்லை. நான் போனேன். நடந்ததைச் சொன்னேன். “நீ ஏன்மா அந்த ஆளுக்காக வக்காலத்து வாங்குற?” என்று கேட்டுச் சிரித்தார்கள். பானகத்தால் கொங்கிரீட் கெட்டது என்பதை நம்புவதைவிட, பாஸ் சீமெந்து எடுத்தார் என்பதை நம்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. பாலம் முடியும்வரை அவரைக் கண்டால் ஒரு கனைப்பு, ஓர் இளிப்பு. திறப்பு விழாவுக்கு அவர் நிற்கவில்லை. எம்பிலிப்பிட்டியவில் வேலை என்று குழுவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பிறகு அந்தப் பக்கத்து ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை.

தோட்டத்துப் பக்கம் நான் போய் வருடக்கணக்காகிறது. கடைசியாகப் போனபோது கொட்டகை இருந்த இடத்தில் வாழை நின்றது. மேட்டு லயத்தில் பாதிக்குக் கூரை இல்லை; பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். சந்திக் கடை இடிந்து வேறு கடை வந்திருக்கிறது. அன்று சிரித்தவர்களில் ஒருவரும் இல்லை. என் கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். சுனில் தொடர்பில் இல்லை. இஞ்சினியர் மாத்தயா காலமாகிவிட்டார் என்று கேள்வி. அவர் கைப்பட எழுதிய புத்தகத்தை எந்தக் கந்தோர் அலமாரியில் எந்தக் கறையான் தின்றதோ. எத்தனையோ வெள்ளம் வந்தும் கரைக்காலில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அதைப் போட்டவர் யாரென்று கேட்க அங்கே ஆள் இல்லை.

ஆகவே உங்களிடம் சொல்கிறேன். ஜோசப் பாஸ் ஒரு கரண்டி சீமெந்தும் எடுக்கவில்லை. குறை என் கையில் இருந்தது. இதைத் தெரிந்தவர்களில் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம் என்று நினைக்கிறேன். இனி நீங்களும் இருக்கிறீர்கள்.