பொன்சாமி வேனில் வைத்த ஸ்விட்ச்

ஃபிஜித் தீவில் இருக்கும் புலிலேகாவிலிருந்து யார் வெளிநாட்டுக்குக் கிளம்பினாலும், போகிற போக்கில் பொன்சாமி வீட்டில் எதையாவது விட்டுவிட்டுத்தான் போவார்கள். 1987-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அவர் வேலை பார்த்த கராஜின் முதலாளி கனடாவுக்குப் போனார். ஒரு டூல் பெட்டி வந்தது. 2000-ல் பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் சிட்னிக்குப் போனார்கள். ஒரு நாய் வந்தது. 2006 டிசம்பரில் மறுபடியும் ராணுவம். இந்தத் தடவை எதிர்வீட்டு சரோஜ் குடும்பம் பிரிஸ்பேனுக்குக் கிளம்ப, ஒரு பழைய ஜப்பான் வேன் வந்து சேர்ந்தது.

"எல்லாரும் போறாங்க. நாம மட்டும் அவங்க விட்டுட்டுப் போன சாமானுக்குக் காவல்" என்றாள் அவர் மனைவி ரஞ்சனா.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆக்லாந்தில் இருக்கும் அவள் அண்ணன் நடராஜன் இவர்களை அழைத்துக்கொள்ள எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார். கோழி இறைச்சியைப் பாக்கெட் போடும் ஆலையில் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் வேலைகூடச் சொல்லி வைத்திருந்தார். செய்தி நேரம் வந்தாலே ரஞ்சனா ரேடியோவை அணைத்துவிடுவாள். பயமில்லாமல் தூங்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. பொன்சாமிக்கு அது புரிந்தது. ஆனால் லம்பாசா டவுன் பக்கம் எந்த லாரி, எந்த டிராக்டர் நின்றுபோனாலும் "பொன்சாமியைக் கூப்பிடு" என்பார்கள். ஐம்பது வயதில் அந்தக் கூப்பாட்டை விட்டுவிட்டுக் கோழிக்கு உறை போடப் போக அவருக்கு மனம் வரவில்லை.

அவருக்கு வழி காட்டியது ஊருக்கு மேலே இருந்த குன்றுதான். கரும்பு நிலக் குத்தகை முடிந்து எழுந்துபோன சில குடும்பங்கள் மேலே குடியேறியிருந்தன. அவர்களுக்கும் அப்பால் ஃபிஜிப் பூர்வகுடிகளின் கிராமம்; பொன்சாமியின் சிநேகிதன் செமி அந்த ஊர்க்காரன். மேலே போய்க்கொண்டிருந்த பஸ்ஸின் முதலாளியும் நாட்டை விட்டுப் போய்விட, பிள்ளைகள் பள்ளிக்கு நடந்தார்கள். சேப்பங்கிழங்கு மூட்டைகள் சந்தைக்கு வராமல் கிடந்தன. "மழையிலும் ஏறுற வண்டி வெச்சிருந்தா, ஓட்டம் முழுக்க உனக்குத்தான் பொன்சாமி பாய்" என்று செமி, அங்கே எல்லாருக்கும் பொதுவான ஹிந்தியில் சொல்லியிருந்தான்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். இந்த மழைக்காலத்தில் வேன் குன்று ஏறினால் இங்கேயே இருப்பது. ஏறாவிட்டால் ஆக்லாந்து.

ஏறவில்லை. நாலு சக்கரமும் இழுக்கும் வேன் என்று பேர்தான் பெத்த பேர். சாதாரணமாக இழுப்பது முன் சக்கரங்கள். அவை வழுக்கினால்தான் கம்ப்யூட்டர் பின் சக்கரங்களையும் வேலைக்கு அழைக்கும். அந்தச் செம்மண் சேற்றில் அது யோசித்து முடிப்பதற்குள் வேன் குறுக்கே திரும்பி ஓடைப் பக்கம் போய் நின்றுவிடும். செமியும் அவன் ஆட்களும் வந்து தூக்கிவிட்டார்கள். மாலையில் நங்கோனா என்ற வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்தவர்கள் கிண்ணத்துக்கு ஒரு யோசனை சொன்னார்கள். டயரில் சங்கிலி கட்டு என்றார் ஒருவர். விற்றுவிட்டுக் குதிரை வாங்கு என்றார் இன்னொருவர்.

பொன்சாமி வேனுக்கு அடியில் படுத்தார். பின் அச்சில் ஒரு மின்காந்தக் கிளட்ச் இருந்தது. அதற்கு மின்சாரம் போனால் பின் சக்கரங்கள் சேர்ந்து இழுக்கும். கோளாறு, மின்சாரம் தாமதமாகப் போவதுதான். அவர் தனியாக ஒரு ஒயர் இழுத்து, நடுவில் ரிலேயும் ஃபியூஸும் போட்டு, கியர் பக்கத்தில் கைக்கு வாகாக ஒரு ஸ்விட்சை மல்லாத்தி வைத்தார். ஒரு பக்கம் தள்ளினால் கம்ப்யூட்டர் இஷ்டம். மறுபக்கம் தள்ளினால் பொன்சாமி இஷ்டம். கிளட்சைக் காணோமென்று கம்ப்யூட்டர் பதறாமலிருக்க ஒரு ரெசிஸ்டரை மாட்டி அதை ஏமாற்றியும் வைத்தார். தார் ரோட்டில் போட்டுப் பார்த்தபோது வளைவில் வேன் முரண்டு பிடித்து முனகியது. சரி, இது சேற்றுக்கு மட்டும் என்று தெரிந்துகொண்டார். சேறாகிக் கிடந்த கரும்புக் காட்டில் போட்டார். வேன் சிக்காமல் போயிற்று. வீட்டுக்கு வந்து இரண்டு பங்கு சோறு சாப்பிட்டார்.

நன்றாக மழை பெய்து விட்ட ஒரு காலையில் நாள் குறித்தார்கள். புது வண்டிக்குச் செய்வதுபோல ரஞ்சனா வேனுக்குப் பூசை போட்டாள். பொன்சாமி டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஸ்டியரிங்குக்குக் குங்குமம் வைத்து, வேப்பிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். ஊரே பார்க்க அதை நசுக்கிக்கொண்டு கிளம்பியது வேன்.

பாதிக் குன்று வரை ராஜா மாதிரி ஏறியது. செங்குத்தான இடத்தில் முன் சக்கரங்கள் சுழன்றன, பின் சக்கரங்கள் சும்மா இருந்தன, வேன் மெல்லப் பின்னால் நழுவி மேட்டில் சாய்ந்து நின்றது. பொன்சாமி ஸ்விட்சை இப்படியும் அப்படியும் தள்ளினார். ஒன்றும் நடக்கவில்லை. மேலே பள்ளிப் பைகளோடு நின்ற பிள்ளைகள் கத்துவதை நிறுத்திவிட்டார்கள்.

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். அவமானத்தைவிடத் துக்கம்தான் அதிகமாக இருந்தது.

"சரி ரஞ்சனா. உங்கண்ணனுக்குச் சொல்லிடு. போகலாம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரஞ்சனா ஸ்விட்சையே பார்த்தாள். வெளியே செமியும் மற்றவர்களும் ஹிந்தியில் தள்ளுவதற்கு யோசனை பேசிக்கொண்டிருந்தார்கள். பொன்சாமி கதவைத் திறந்து ஒரு காலைச் சேற்றில் வைத்துவிட்டார். அப்போதுதான் அவள், யாருக்கும் புரியாமல், தமிழில் சொன்னாள்.

"இருங்க. அந்த ஸ்விட்ச் மேல நான் தண்ணி ஊத்தினேன்."

"என்ன தண்ணி?"

"மஞ்சத் தண்ணிதான். மத்ததுக்கெல்லாம் தெளிச்சேன். இதுதானே வேல செய்யணும், அதான் இதுக்கு மட்டும் சொம்போட ஊத்திட்டேன். கெடுக்கணும்னு செய்யல, மாரியம்மா சத்தியமா." அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இப்பத்தான் உறைச்சுது."

பொன்சாமி ஸ்விட்சைக் கழற்றினார். உள்ளே மஞ்சள் குழம்பு. ஃபியூஸ் கருகியிருந்தது. கோபப்படலாமா என்று ஒரு கணம் பார்த்தார், சிரிப்புதான் வந்தது. ரஞ்சனா முந்தானையை நீட்டினாள். இருவருமாகத் துடைத்து, ஊதி, காய்ந்த பிறகு வேறு ஃபியூஸ் போட்டு ஸ்விட்சைத் தள்ளினார்.

பின் சக்கரங்கள் மண்ணைக் கவ்வின. வேன் ஒரு உலுக்கு உலுக்கிக்கொண்டு, செமியின் ஆட்கள் மேலெல்லாம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு, உச்சி வரை நிற்காமல் ஏறியது.

பொன்சாமி எஞ்சினை நிறுத்தினார். ரஞ்சனா மஞ்சள் கறை பட்ட முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் டிக்கெட் போட்டிருக்கலாமே" என்றார்.

"போட்டிருக்கலாம்" என்றாள் அவள். "அங்க போய் தினம் உங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

அதற்குள் பிள்ளைகள் பின்கதவைத் திறந்து, நான் முந்தி நீ முந்தி என்று ஏற ஆரம்பித்துவிட்டார்கள்.